பூ வைத்துவிடுகிறவள்

பட்டாபிராம் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறும் பெண்களில் சரசாவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. இப்போது "எந்த சரசா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் தலையில் சரசா வைத்துவிட்ட பூவை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகையால் அந்தக் கேள்வியை என்னிடம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ரேணுகா. பாரிமுனையில் ஒரு மொத்த மருந்துக் கடையில் பில் போடுகிறேன். தினமும் திருவள்ளூரிலிருந்து வரும் வண்டியில் லேடீஸ் பெட்டியில் ஏறி சென்ட்ரலில் இறங்குவேன். சரசாவும் பட்டாபிராமில்தான் ஏறுவாள். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் ஈரத்துணி போட்டு மூடிய மல்லியும் கனகாம்பரமும். வில்லிவாக்கம் வரைக்கும் விற்றுக்கொண்டே போய், எதிர் வண்டியில் திரும்பிவிடுவாள்.

ஆள் குள்ளம். முழங்கை சின்னது. அவள் கையால் முழம் போட்டால் வாங்குகிறவளுக்கு நஷ்டம் என்று அவளே சொல்வாள். அதனால் "கைய நீட்டு" என்று வாங்குகிறவள் கையில்தான் அளப்பாள். உயரமான பெண்கள் சரசாவிடம் பூ வாங்கினால் லாபம். இதைச் சொல்லி நாங்கள் கேலி செய்தால், "நீட்டுக் கையி சாமி குட்த்தது, நானா குட்த்தேன்?" என்பாள்.

கூட்ட வண்டியில் ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை சாப்பாட்டுப் பையைப் பிடிக்க வேண்டும். பூவை எந்தக் கையால் வைத்துக்கொள்வது? எனவே சரசாவே வைத்துவிடுவாள். நாங்கள் முதுகைக் காட்டித் திரும்பி நிற்போம். அவள் எக்கி நின்று, தன் வாயில் கவ்வியிருக்கும் ஹேர்பின்னை எடுத்து, ஜடைக்கு மேலே பூவைச் சொருகி, பின்கழுத்தில் ஒட்டியிருக்கும் முடியையும் ஒதுக்கிவிட்டு, "போ, ஜோரா கீறே" என்று முதுகில் தட்டுவாள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி அனுப்பாத பெண்கள் அந்தப் பெட்டியில் நிறைய உண்டு. நானும் ஒருத்தி.

அவள் பிறந்ததும் பட்டாபிராம்தான். இன்றைக்கு அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இடத்தில் அவளுடைய அப்பா அம்மா யாருடைய நிலத்திலோ நாற்று நட்டவர்கள். கணவர் பெயர் துலுக்கானம். பாடிப் பக்கம் லோடுமேனாக இருந்தார். ஒரு நாள் மூட்டையோடு விழுந்ததில் முதுகு போய், வீட்டோடு இருக்கிறார். ஒரே பிள்ளை. பெயர் சந்தோஷ். பெயர் வைக்கும்போது யாருக்கு என்ன தெரியும்!

சந்தோஷ் படித்தது எல்லாம் ஸ்ரீகாந்தின் பழைய பாடப்புத்தகங்களை வைத்துத்தான். ஸ்ரீகாந்த், சௌம்யாவின் மகன். சௌம்யா ஆவடியில் ஏறுவாள். கணவருக்கு அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. சௌம்யாவுக்கு சென்ட்ரல் பக்கம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம். எங்கள் பெட்டியின் வாட்ஸ்ஆப் குரூப்புக்கு அவள்தான் அட்மின். நல்லவள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் மகனுடைய புத்தகங்களுக்கு அட்டை போட்டு, நூல் கட்டி, சரசா கூடையில் வைப்பாள். சரசா அந்தக் கட்டைப் பூவுக்கு மேலே வைத்துக்கொண்டு, "எம் புள்ள சௌம்யாம்மா புள்ள மாரி வருவான்" என்று பெட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு போவாள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பெட்டியை ஜோடிப்போம். வாழைக்கன்று, பலூன், ஜன்னல் கம்பிக்கெல்லாம் சந்தனம் குங்குமம், பொரி, சுண்டல். பெட்டியின் வாசல் மாலை சரசாவுடையது. அதற்கு யாரும் அவளிடம் சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். விடியற்காலையில் தோளில் மாலையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். வண்டி அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி முகம் இருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஞானம்மாள் என்று ஒருத்தி. இந்து காலேஜ் ஸ்டேஷனில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குவாள். அங்கே தொழிற்பேட்டையில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. ஒரு ஆடி மாதச் சாயங்காலம், வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிற சந்தில், பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலியோடு அவளையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனார்கள். வலது தோளெலும்பு உடைந்துவிட்டது.

அந்தச் சந்தில் கேமரா இருந்தது. மறுநாள் காலையில் அந்த வீடியோ எங்கள் குரூப்புக்கு வந்தது. ஞானம்மாள் தரையில் உரசிக்கொண்டு போவதை முழுதாகப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். குரூப் கொதித்தது. கையை வெட்ட வேண்டும் என்றார்கள், நடுரோட்டில் நிற்க வைத்துச் சுட வேண்டும் என்றார்கள். கோபம் நியாயமான கோபம்தான். நானும் திட்டினேன், இன்றைக்கும் அதைத் திரும்பி வாங்கிக்கொள்ள மாட்டேன். பிறகு யாரோ எழுதினார்கள்: பின்னால் உட்கார்ந்திருப்பவன் நம்ம பூக்காரம்மா பையன் மாதிரி இல்ல?

அடுத்த நாள் பிளாட்பாரத்தில் சரசாவை வளைத்துக்கொண்டார்கள். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எம் புள்ள இல்ல. இவன் ஒசரமா கீறான்" என்றாள். யாரும் விடவில்லை. அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஸ்டேஷன் வாசலில் இருக்கிற அம்மன் படத்துக்கு முன்னால் கூடையை இறக்கி வைத்து, கற்பூரத்தை ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள்.

"எம் புள்ள அத்த பண்ணியிருந்தா இந்தக் கையி அழுவிப்பூடட்டும். அவன் மேல அநியாயமா பழி போட்றவ கழுத்துல எந்தக் காலத்துலயும் ஒண்ணும் தங்காது!"

புகார் கொடுத்தவள் என்பதால், ஆஸ்பத்திரியில் தோளில் கட்டோடு கிடந்த ஞானம்மாளைத்தான் அந்த வார்த்தை போய்ச் சேர்ந்தது. சரசாவின் வாய் அப்படி. பிள்ளை என்று வந்துவிட்டால் முன்னே பின்னே பார்க்காது.

சந்தோஷை அந்த வாரமே பிடித்துவிட்டார்கள். சங்கிலி அடகுக்கடையிலிருந்து கிடைத்தது. அவனே ஒப்புக்கொண்டான். புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

சரசா கொஞ்ச நாள் வரவில்லை. வந்தபோது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். கற்பூரம் சுட்ட இடம் கொப்பளித்து, பூ கட்டும் நார் பட்டுப் பட்டுப் புண்ணாகியிருந்தது. "பாத்தியா, கை அழுவுது" என்று ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல். சரசாவுக்குக் கேட்டது. கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பூவு... மல்லி... கனகாம்பரம்..." என்று அவள் உள்ளே நடந்தாள். பெட்டியில் ஒவ்வொருத்தியாக முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்கள். சுடிதார் போட்டவர்கள் துப்பட்டாவை ஒரு சுற்று சுற்றினார்கள். அவள் கடந்து போகப் போக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் கைகள் கழுத்துக்குப் போனதை நான் பார்த்தேன். யார் கழுத்தில் என்ன இருக்கிறது என்று பூ வைக்கிற சாக்கில் பார்த்துப் பிள்ளைக்குத் துப்புச் சொன்னவள் சரசாதானாம். குரூப்பில் முடிவாகிவிட்டது. போலீஸ் அப்படிச் சொல்லவில்லை, சந்தோஷ் சொல்லவில்லை, ஞானம்மாள்கூடச் சொல்லவில்லை.

என் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். நான் எழுந்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். "வை சரசா" என்றேன். வைத்தாள். முதுகில் தட்டவில்லை.

"உனக்கென்ன ரேணுகா, உன் கழுத்துல என்ன கெடக்கு, அவ பையன் அறுக்க?" என்று சௌம்யா கேட்டாள். சிலர் சிரித்தார்கள். நான் கொடுத்த பதிலுக்கு மறுநாள் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பெரிய இழப்பு ஒன்றுமில்லை, தினமும் வருகிற குட்மார்னிங் ரோஜாப்பூ நின்றது.

சரசா ஆஸ்பத்திரிக்குப் போனதை ஞானம்மாள்தான் பின்னால் எனக்குச் சொன்னாள். கட்டிலின் கால்மாட்டில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்தாளாம். ஞானம்மாள் கேட்டாளாம்: "இன்னாத்துக்கு உய்ந்து கெடக்கற? ஒன் புள்ள அறுத்துக்கினு போனதுக்கா? அத்த அவன் வந்து கேக்கட்டும். நீ எனக்குச் சாபம் உட்டியே, அதுக்குன்னா சரி, உட்டுட்டேன், எந்திரி."

இதைவிட நேர்மையான தீர்ப்பை நான் எங்கும் கேட்டதில்லை.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னாலேயே ஞானம்மாள் வேலைக்கு வரத் தொடங்கிவிட்டாள். வேலைக்குப் போகாவிட்டால் யார் சோறு போடுவார்கள்? தோள் கூடிவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. தையல் மெஷினில் துணியைத் தள்ள முடிந்தது, தலை வார முடியவில்லை. மகள் ஜடை போட்டு அனுப்பினாள். முதல் நாள் பெட்டியே எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தது. அந்த நேரம் பார்த்து சரசாவும் கூடையோடு வந்துவிட்டாள். எல்லோரும் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தார்கள். அடி, அல்லது திட்டு.

ஞானம்மாள் எழுந்தாள். "ஒரு மொழம் குடு சரசா" என்று இடது கையை நீட்டினாள். அளந்து வெட்டியதும், எல்லோருக்கும் முன்னால், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"நீயே வெச்சுடு. எனக்குத்தான் கையி ஏறலையே."

சரசா வாயிலிருந்து எடுத்த ஹேர்பின் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் பூவைச் சொருகிவிட்டு, ஞானம்மாளின் பின்கழுத்து முடியை ஒதுக்கினாள். சங்கிலி அறுத்த தழும்பு அங்கே கறுப்பாக இருந்தது. அந்த இடத்தில் அவள் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு ஞானம்மாளின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வண்டி அண்ணனூரைத் தாண்டும்வரை ஞானம்மாள் திரும்பாமலேயே நின்றாள்.

இதைப் பார்த்த பிறகாவது மற்றவர்கள் மாறியிருக்க வேண்டாமா? இழுபட்டவள் மன்னித்துவிட்டாள், எலும்பு உடைந்தவள் மன்னித்துவிட்டாள். போனில் வீடியோ பார்த்தவர்கள் மன்னிக்கவில்லை. "ஞானம் ஒரு ஏமாளி" என்றார்கள். அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பெட்டி வாசலில் பிளாஸ்டிக் மாலை கட்டினார்கள். சரசா வழக்கம்போல விடியற்காலையில் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் தொங்கியதைப் பார்த்தாள். மாலையைக் கொண்டுபோய்ப் பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் போட்டுவிட்டு வந்து, ஒரு ஓரமாக நின்றுகொண்டாள். அன்று ஸ்டேஷன் குழாய்க்குத்தான் ஆயுத பூஜை.

தை மாதம் சௌம்யாவின் தலையில் இடி விழுந்தது.

ஸ்ரீகாந்த் நண்பர்களோடு காரில் போனான். வேலப்பன்சாவடி பக்கம் டீக்கடைக்கு ரோட்டைக் கடந்த ஒரு வாட்ச்மேனை இடித்துவிட்டான். நிற்காமல் போய்விட்டான். அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். திருத்தணிக்குப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்த்தவராம். இதற்கும் கேமரா இருந்தது, வீடியோவும் இருந்தது. ஆனால் அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. "அட்மின் மேடம் குடும்பத்துக்காக அனைவரும் பிரார்த்திப்போம்" என்று குரூப்பில் போட்டிருந்தார்களாம், கும்பிடும் கைகள் வரிசையாக.

சௌம்யா ஒரு நாள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "அந்த ஆள்தான் திடீர்னு குறுக்க வந்துட்டார். சாமி சத்தியமா சொல்றேன், என் பையன் குடிக்கவே மாட்டான்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கே போலீஸ் பிடித்து எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு சில நாளில் வந்தது. குடித்துத்தான் இருந்தான். அப்போதும் தலையாட்டினார்கள். "வயசுப் பையன், சேர்க்கை சரியில்ல", "ஒரு தடவை தப்புப் பண்ணிட்டான், படிப்பு கெட்டுடக் கூடாது" என்றார்கள்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "சரசா கற்பூரம் அடிச்சா பொய்ச்சத்தியம். இவங்க சாமி சத்தியம் பண்ணா அது என்ன?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

"அது வேற, இது வேற ரேணுகா."

"என்ன வேற?"

"சும்மா இரேன். அவங்களே நொந்து போயிருக்காங்க."

நொந்து போயிருந்தாள் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. சௌம்யாவுக்குக் கிடைத்த ஆறுதல் அதிகம் என்று நான் சொல்லவில்லை. பெற்றவளுக்கு அந்த ஆறுதல் வேண்டும். சரசாவும் பெற்றவள்தான் என்பதுதான் என் வழக்கு. என் வழக்கை அந்தப் பெட்டியில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டு, ஒரு திங்கட்கிழமை சௌம்யா மறுபடி வந்தாள். ஆவடியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிரார்த்தனையெல்லாம் போனில்தான் சுலபம், நேரில் அவளிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரசா வாசல் பக்கத்திலிருந்து நேராக அவளிடம் போனாள். கூடையைத் தரையில் வைத்துவிட்டு, கீழே காலடியில் உட்கார்ந்தாள்.

"சௌம்யாம்மா. துன்னியா?"

சௌம்யா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"துன்ன முடியாது. எனக்குத் தெரியும். படுத்தா கண்ண மூட முடியாது. மூடினா அவன் கொயந்தையா கீறப்ப வந்து நிப்பான்." சரசா அவள் முழங்காலில் கையை வைத்தாள். "நம்ப பெத்தோம். நம்பளா பண்ணோம்? ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. செத்தவரு ஊட்டுக்கு ஒரு தபா போய்ட்டு வா. கால்ல உய்ந்துரு. அடிச்சா வாங்கிக்க. நான் ஞானத்தாண்ட போனேன். போய்ட்டு வந்த அன்னிக்குத்தான் எனக்குச் சோறு எறங்கிச்சு."

சௌம்யா உடைந்துபோனாள். முகத்தைக் கைக்குட்டையில் மூடிக்கொண்டு, பல மாதமாகத் தான் பேசாமல் ஒதுக்கியிருந்தவளின் தோளில் குனிந்து சாய்ந்து அழுதாள். "சரசா, சரசா" என்று பெயரை மட்டும் சொன்னாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. சரி, இத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த ஆயுத பூஜைக்கு மாலை வரும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

"அய்வாத. வெறுந்தலையோட ஆபீஸ் போவாத" என்று சரசா எழுந்தாள். கூடையிலிருந்து ஒரு துண்டு மல்லியை எடுத்தாள். அளக்கவில்லை. ஹேர்பின்னை வாயில் கவ்விக்கொண்டு, சௌம்யாவின் பின்பக்கம் குனிந்து, ஜடையைத் தொட்டாள்.

சௌம்யாவின் வலது கை கைக்குட்டையை விட்டுவிட்டுக் கழுத்துக்குப் போனது. சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. செய்தது அவளுக்கே தெரிந்திருக்காது. அழுதுகொண்டேதான் இருந்தாள். மாதக்கணக்கில் பழகிய கை, அதுபாட்டுக்குப் போய்விட்டது. ஆனால் சரசா பார்த்துவிட்டாள். எதிரே நான் பார்த்தேன். ஞானம்மாளும் பார்த்தாள்.

சரசா வாயிலிருந்து ஹேர்பின்னை எடுத்தாள். பூவையும் பின்னையும் சௌம்யாவின் மடியில் வைத்தாள்.

"நீயே வெச்சிக்கம்மா" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அண்ணனூர் வந்தது. பூ பாதிக்கு மேல் கூடையில் இருக்க, இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் பெட்டியில் அவள் ஏறவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை, விடியறதுக்கு முன்னாலேயே வேன் வந்துவிடுகிறது என்று துலுக்கானம் படுத்தபடியே சொன்னார். சரசா உள்ளேதான் இருந்தாள். வெளியே வரவில்லை. சௌம்யா அந்த வாட்ச்மேன் வீட்டுக்குப் போனாளா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

இப்போது வேறொரு பூக்காரி வருகிறாள். தன் கையாலேயே அளக்கிறாள், பூவைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். அவரவர் பூவை அவரவர் வைத்துக்கொள்கிறோம். கழுத்தை மூடும் வழக்கம் போய்விட்டது. பெட்டி கலகலப்பாகத்தான் இருக்கிறது.

ஞானம்மாளுக்கு மட்டும் கை இன்னும் மேலே ஏறவில்லை. ஒரு நாள் ஒரு முழம் வாங்கி, "திரும்பு, நான் வைக்கிறேன்" என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, முதுகை இருக்கையில் நன்றாகச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். தினமும் வெறுந்தலையோடுதான் பட்டரவாக்கத்தில் இறங்குகிறாள்.